ஐக்கியக் கூடுகைக்கு உள்ளரங்கப் புதையல் வேட்டை: பெரியவர்கள் நாற்காலியை விட்டு எழுவார்களா?

கேள்வி
"சபையின் ஐக்கியக் கூடுகையில் விளையாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வெளியே போக வழியில்லை, ஒரு பெரிய மண்டபமும் சில அறைகளும்தான். புதையல் வேட்டை வைக்கலாம் என்று சொன்னேன். 'அது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்கள் யாரும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள்' என்று மூப்பர் ஒருவர் பேச்சை முடித்துவிட்டார். சுமார் 40 பேர் வருவார்கள், 6 வயதிலிருந்து 75 வரை. அவர் சொல்வது உண்மைதானா?"

ஜூன் 4, இரவு
வழக்கமான முறையில் நடத்தினால் மூப்பர் சொல்வது உண்மைதான். நாற்காலிக்கு அடியில் சீட்டை ஒட்டி வைப்பது, அதைப் படித்ததும் அலமாரிக்கு ஓடுவது, அங்கிருந்து படிக்கட்டுக்கு ஓடுவது என்றால், குனியவும் ஓடவும் தெம்பு உள்ளவர்களின் விளையாட்டு அது. முழங்கால் வலியோடு வந்திருக்கிற ஒருவர் அதில் என்ன செய்வார், கை தட்டுவார்.

சீட்டைப் பொருட்களில் ஒளிக்காமல் ஆட்களிடம் ஒளித்து வையுங்கள் சகோதரி. வருகிறவர்களில் சிலரிடம் முன்கூட்டியே ஓர் உறையைக் கொடுத்து, பையிலோ வேதாகமத்துக்குள்ளோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அணியின் கையில் இருக்கும் க்ளூவில் "அலமாரிக்கு மேலே பார்" என்று இருக்காது. "இங்கே இருக்கிறவர்களில் ஒருவர் இரட்டையரில் மூத்தவர்" என்று இருக்கும். யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வொருவராகப் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே பெரியவர்கள் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். ஐக்கியக் கூடுகை என்று பெயர் வைத்துவிட்டு, வந்தவர்கள் தங்கள் வீட்டாரோடு மட்டும் பேசிவிட்டுக் கிளம்புகிற கதைக்கும் இதுதான் மருந்து.

ஜூன் 4, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து
ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஆட்களைப் பற்றிய க்ளூவை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். நீங்களாக எழுதாதீர்கள். வயது, உடல்நிலை, கல்யாணம் ஆனதா ஆகவில்லையா, வேலை இருக்கிறதா, எப்போது விசுவாசத்துக்கு வந்தார், இதையெல்லாம் தொடவே கூடாது. "உங்களைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியாத, தெரிந்தால் நீங்கள் சிரிக்கக்கூடிய ஒரு விஷயம் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும். இடது கையால் எழுதுகிறவர், நீச்சல் சொல்லிக் கொடுத்தவர், பாம்பு பிடித்தவர், நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர் என்று எல்லாரும் வெளியே வருவார்கள்.

ஜூன் 5
"உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவுடன் நீட்டிவிட்டால் என்ன சுவாரசியம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நீட்டக் கூடாது. உறை வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு விதி: வந்த அணியில் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அணியும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவர் இஷ்டம். நான் பார்த்த ஒரு கூடுகையில், பின்வரிசையில் யாரோடும் அதிகம் பேசாமல் இருக்கிற ஒரு பெரியவரிடம் உறை ஒன்று இருந்தது. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வந்த பையன்களிடம், உங்கள் பெயரைத் தந்தி மொழியில் மேசையில் தட்டிக் காட்டினால்தான் தருவேன் என்று பேரம் பேசினார். அவரே தட்டிச் சொல்லிக் கொடுத்தார், பையன்கள் திருப்பித் தட்டினார்கள், தப்பாகத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து. எழுந்து போக யாருக்கும் மனசில்லை.

அவ்வளவு நன்றாக நடந்ததாலேயே அங்கே பெரிய நெரிசலும் ஆகிவிட்டது. அடுத்தடுத்து வந்த அணிகள் எல்லாம் அவர் முன்னால் வரிசை கட்டி நின்றன. வரிசையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், அது தனிக் கதை.

ஜூன் 6
உள்ளரங்கத்தில் வேட்டை சொதப்புவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான். எல்லா அணிகளும் முதல் இடம், இரண்டாம் இடம் என்று ஒரே ஒழுங்கில் போனால், முதலில் போகிற அணி கண்டுபிடிக்கிறது, மற்றவர்கள் அதன் பின்னாலேயே போகிறார்கள். வெளி மைதானத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. ஒரே மண்டபத்துக்குள் எல்லார் முதுகும் எல்லாருக்கும் தெரியும்.

தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றி, சுற்றை அப்படியே விட்டால் (1-2-3-4, 2-3-4-1 என்று) பாதிதான் தீரும். அப்போதும் 1-லிருந்து கிளம்புகிற எல்லாரும் 2-க்குத்தான் போவார்கள், வேகமான அணி முன்னால் போகிற அணியின் வாலைப் பிடித்துவிடும். நான்கு அணி, நான்கு நிறுத்தம் (உறை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு நிறுத்தம்) என்றால் இப்படிப் போடுங்கள்:

சிவப்பு 1-2-4-3
நீலம் 2-3-1-4
பச்சை 3-4-2-1
மஞ்சள் 4-1-3-2

எந்த நேரத்திலும் ஒரு நிறுத்தத்தில் ஒரு அணிக்குத்தான் முறை. அதைவிட முக்கியம், 1-லிருந்து 2-க்குப் போகிற பாதையில் சிவப்பு மட்டும்தான் போகும், 1-லிருந்து 4-க்கு நீலம் மட்டும்தான், இப்படி எந்தப் பாதையும் இரண்டு அணிகளுக்குப் பொது இல்லை. பின்னால் போய்ப் பார்த்துப் பயனில்லை. பயிர்களையும் மருந்துகளையும் சோதிக்கிறவர்கள் வரிசையால் முடிவு மாறிவிடக் கூடாது என்பதற்காகப் போடுகிற கட்டம் இது, நமக்கும் உதவுகிறது.

உறை வைத்திருப்பவரிடம் நான்கு நிற உறைகள் இருக்கும், அந்தந்த அணிக்கு அந்தந்த நிறம். நிறத்தோடு ஒரு வடிவமும் வரைந்துவிடுங்கள், வட்டம், முக்கோணம் என்று. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் கூட்டத்தில் ஒருவராவது இருக்கலாம், பல ஆண்களுக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது.

ஜூன் 6, மாலை
40 பேரை நான்காகப் பிரித்தால் அணிக்கு 10 பேர். இது அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. 10 பேர் அணியில் மூன்று பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் அவர்கள் கைப்பையைப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வட்டமாக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் உறைக்காரர்கள் நான்கு பேர், ஆக 8 பேர் அதற்குப் போய்விட்டால் மீதி 32, எட்டு அணி, அணிக்கு 4 பேர். மேலே உள்ள கட்டத்தையே இரண்டு வட்டத்துக்கும் போடலாம், ஒரு வட்டத்துக்குப் பொட்டு வைத்த உறை, மற்றதற்குக் கோடு போட்டது.

ஒரு வீட்டார் ஒரே அணியில் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு, தெரிந்த முகம் ஒன்று அணியில் இருக்கட்டும்.

ஜூன் 7
அணிகள் கையில் போன் இருக்கலாமா என்று கேட்கிறார்கள். இல்லை, இல்லை, போன் வைத்துக்கொள்ள விடாதீர்கள். விட்டால் வசனம் சார்ந்த எந்தக் க்ளூவும் ஒரு நிமிடம் தாங்காது, ஒரு சொல்லைத் தட்டினால் அதிகாரமும் வசனமும் வந்து நிற்கும். அச்சு வேதாகமம் மட்டும் என்று சொல்லுங்கள். அப்போது பாருங்கள், பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பாட்டிதான் அணியின் தலைவி.

போனைப் பிடுங்குவதில் சங்கடம் இருந்தால் போனுக்கு எட்டாத க்ளூ எழுதுங்கள். நமக்குப் பள்ளியில் சுவரில் மாட்டிய உயிர்மெய் அட்டவணை இருக்கிறதே, அதைவிட நல்ல ரகசிய எழுத்துக் கருவி கிடையாது. மெய் 18 வரிசை, உயிர் 12 வரிசை. க் 1, ங் 2, ச் 3 என்று போய் ன் 18. அ 1, ஆ 2 என்று போய் ஔ 12. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு எண். 10-8, 3-9 என்றால் மேசை. புள்ளி எழுத்துக்கு இரண்டாவது எண் 0, தனி உயிருக்கு முதல் எண் 0. ஆகவே 0-1, 13-1, 10-2, 12-3 என்றால் அலமாரி. படிக்கட்டு என்றால் 9-1, 5-3, 1-0, 1-1, 5-0, 5-5. இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல் வைத்து எண்ணும், தாத்தா மனப்பாடமாகச் சொல்வார், நடுவில் இருக்கிற கல்லூரிக்காரர்கள்தான் ழ, ள, ற வரிசை எது முன்னால் என்று திணறுவார்கள். வேடிக்கையாக இருக்கும்.

ஜூன் 7, இரவு
"வேத வசனத்தை ரகசிய எழுத்தாக்கி விளையாடுவது சரியா?" என்று ஓர் ஐயா வருத்தமாகக் கேட்டிருக்கிறார். மரியாதையோடு சொல்கிறேன் ஐயா, எரேமியா 25:26-ல் சேசாக்கு ராஜா ஒருவர் வருகிறார். 51:41-ல் அதே பெயர் பாபிலோனுக்குப் பக்கத்திலேயே வருகிறது. எபிரெய எழுத்துகளில் முதலாவதைக் கடைசியாகவும், இரண்டாவதைக் கடைசிக்கு முந்தியதாகவும், இப்படியே எல்லா எழுத்தையும் மாற்றிப் போட்டால் பாபேல் என்பது சேசாக்கு ஆகிவிடும். தீர்க்கதரிசியின் புஸ்தகத்திலேயே இருக்கிறது. 119-ஆம் சங்கீதம் 176 வசனம், 22 எபிரெய எழுத்துக்கும் எட்டெட்டு வசனம், அந்த எட்டு வசனமும் அதே எழுத்தில் தொடங்கும். எழுத்தோடு விளையாடுவது பயபக்திக் குறைவு என்றால் இதையெல்லாம் என்ன சொல்வது?

ஆனால் உங்கள் வருத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வசனம் எழுதிய தாள்கள் கடைசியில் தரையில் மிதிபட்டுக் கிடப்பது எனக்கும் பிடிக்காது. வசனத்தைச் சீட்டில் எழுதாமல், எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதினால் அந்தப் பிரச்சினை வராது.

ஜூன் 8
பல சபையாரும் சேர்கிற பொதுவான ஐக்கியக் கூடுகை என்றால் கவனம். ஒருவர் கையில் சீர்திருத்த சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு இருக்கும், ஒருவர் கையில் கத்தோலிக்கர் படிக்கிற திருவிவிலியம் இருக்கும். ஒருவருக்கு ஆதியாகமம், மற்றவருக்குத் தொடக்க நூல். ஒருவருக்கு 66 புத்தகம், மற்றவருக்கு 73. "மூன்றாவது வரியின் ஐந்தாவது சொல்" என்கிற மாதிரி க்ளூ எழுதினீர்களோ, போச்சு. எண், ஆள், பொருள், இவை எந்த மொழிபெயர்ப்பிலும் ஒன்றுதான், அதை வைத்து எழுதுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். புத்தகத்தின் பெயரும் அதிகாரமும் க்ளூவிலேயே இருக்கட்டும். தேடிப் படித்தால் விடை கிடைக்க வேண்டும், தெரியாததால் ஒருவர் வெட்கப்பட்டு ஒதுங்கக் கூடாது.

ஜூன் 9
புதையல் பெட்டிக்குப் பூட்டு. பலர் கேட்டதால் விரிவாக.

மூன்று எண் பூட்டு வாங்கி, அணிக்கு ஓர் எண் கொடுப்பதுதான் எல்லாரும் முதலில் யோசிப்பது. அதில் ஓட்டை இருக்கிறது. இரண்டு எண் தெரிந்துவிட்டால் மூன்றாவதற்குப் பத்தே முயற்சி, யாரையும் கேட்க வேண்டாம். கூட்டலாக வைத்துவிடுங்கள். நான்கு நிறுத்தத்திலும் அணிக்கு ஒவ்வொரு துண்டுத் தாள் கிடைக்கும், நான்கையும் சேர்த்து ஒட்டினால் ஒரு கேள்வி. சிவப்புக்கு: கடைசியில் வலையில் அகப்பட்ட மீன்கள் எத்தனை, யோவான் 21. விடை 153. நீலத்துக்கு: லோத்தை மீட்க ஆபிராம் கூட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர், ஆதியாகமம் 14. விடை 318. பச்சைக்கு: பவுல் போன கப்பலில் எத்தனை பேர், அப்போஸ்தலர் 27. விடை 276. மஞ்சளுக்கு: 119-ஆம் சங்கீதத்தில் எத்தனை வசனம். விடை 176. நான்கையும் கூட்டினால் 923, அதுதான் பூட்டு. ஓர் எண் குறைந்தாலும் மற்ற மூன்றை வைத்து எளிதில் ஊகிக்க முடியாது.

இரண்டு வட்டத்துக்கும் அதே நான்கு கேள்விகள். ஆக ஒவ்வொரு எண்ணையும் இரண்டு அணிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கும். பூட்டு திறக்காவிட்டால் எந்த எண் ஒத்துப்போகவில்லை என்று உடனே தெரிந்துவிடும். கூட்டலில் தப்பு செய்கிற ஆள் இருந்தால் அவர் நிச்சயமாகக் கணக்கு ஆசிரியராகத்தான் இருப்பார், அனுபவம்.

பூட்டைக் கடைசி வரை மேசையில் வைக்காதீர்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் சேர்க்கை, ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பொறுமையுள்ள ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஜூன் 9, பிறகு
வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வருகிற 666 வரும்படி கூட்டல் அமைத்தால் என்ன என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம்.

ஜூன் 10
ஒளிக்கக் கூடாத இடங்கள். எல்லாம் ஆட்களிடம்தான் என்றாலும் ஒன்றிரண்டு சீட்டு இடங்களிலும் இருக்கும், குழந்தைகள் அதையும் கேட்பார்கள். பீடம், திருவிருந்துப் பாத்திரங்கள், காணிக்கைப் பெட்டி, பிரசங்க மேடை, இவை வேண்டாம். மைக், ஸ்பீக்கர், வயர்கள், கீபோர்டு, மின்பலகை, தீயணைப்புக் கருவி, கழிவறை, வேண்டவே வேண்டாம். பாட்டுப் புத்தகங்களுக்குள் வைத்தால் அடுக்கையே கலைத்துவிடுவார்கள். அவசர வாசல் பக்கம் எதுவும் இருக்கக் கூடாது, பூட்டவும் கூடாது.

"எதையும் நகர்த்தாமல், திறக்காமல், தூக்காமல் பார்த்தாலே தெரியும்" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் பாதி சேதத்தைத் தடுக்கும். முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும், யாரும் நாற்காலி மேல் ஏற மாட்டார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாத குட்டிகளுக்குப் படம்.

பக்க அறைகளைப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றிலும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே இருக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் பிள்ளைகளின் தலையை எண்ணுங்கள். இதில் சமரசம் கிடையாது.

ஜூன் 11
"எல்லாரும் சேர்ந்துதான் திறக்க முடியும் என்றால் போட்டியே இல்லையே, வாலிபர்கள் தூங்கிவிடுவார்கள்" என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார். இதில் நான் இரண்டு மனதாக இருக்கிறேன். லூக்கா 15-ல் காசைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடித்ததும் சிநேகிதிகளையும் அண்டைவீட்டுக்காரிகளையும் கூப்பிடுகிறாள். உள்ளரங்கப் புதையல் வேட்டைக்கு அதைவிடப் பொருத்தமான கதை இல்லை, அவளோடு யாரும் போட்டி போடவில்லை. இன்னொரு பக்கம், வாலிபர்களைப் பார்த்தால் அக்கா சொல்வது உண்மை. ஜெயிக்க ஒன்றும் இல்லையென்றால் சுவரில் சாய்ந்து நிற்பார்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறது. நான்கு துண்டையும் முதலில் சேர்த்த அணிக்கு ஒரு சலுகை: மற்ற எந்த அணிக்கும் போய் உதவலாம், ஆனால் விடை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். முதலில் முடித்தவர்கள் சும்மா நிற்கிற பிரச்சினையும் இதில் தீரும். பெட்டியைத் திறக்கிற உரிமை கடைசியாக முடித்த அணிக்கு. வாலிபர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பெட்டிக்குள் என்ன என்று கேட்டால், எல்லாருக்கும் பங்கிடக் கூடியது எதுவானாலும் சரி. ஒருவர் எடுத்துக்கொண்டு போகிற பரிசு வேண்டாம்.

ஜூன் 12
விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. நிலத்தில் புதையலைக் கண்டவனின் உவமையை, மத்தேயு 13:44-ஐ, முன்னுரையாகப் படித்த ஒரு கூடுகையில் ஒரு பையன் கை தூக்கினான்: "நிலத்துக்காரரிடம் சொல்லாமல் மறுபடி மறைத்துவைத்து நிலத்தை வாங்கினது ஏமாற்றுவேலை இல்லையா?" நடத்தியவர் பரலோகராஜ்யத்தின் மதிப்பைப் பற்றிச் சொன்னார், பையன் விடவில்லை. மூப்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வேட்டை தொடங்கத் தாமதமாயிற்று. நீங்கள் நீதிமொழிகள் 2:4-ஐப் படியுங்கள், அங்கேயும் புதையல் இருக்கிறது, நிலத்துக்காரர் இல்லை.

ஜூன் 13
ரகசியம் காப்பது பற்றி. க்ளூ எழுதுகிறவர் வீட்டில் யாரும் வேட்டையில் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் அவர் வீட்டில் வாய் திறக்கக் கூடாது. சிம்சோன் 30 மாற்று வஸ்திரம் பந்தயம் வைத்துப் போட்ட விடுகதையே பெண்சாதி வழியாகத்தான் கசிந்தது, நியாயாதிபதிகள் 14. நம் வீடுகளில் பிள்ளைகள் வழியாகக் கசியும்.

எழுதியவருக்கு எல்லாம் சுலபமாகத்தான் தெரியும் என்பதால், திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் முன்னாலேயே கொடுத்துப் பாருங்கள். அவர் ஒரு க்ளூவில் மூன்று நிமிடத்துக்கு மேல் விழித்தால் அதை மாற்றுங்கள். மொத்த ஆட்டமும் 40 நிமிடத்தில் முடிந்தால் நல்லது. ஒருங்கிணைப்பவர் கையில் எல்லா விடைகளும் உள்ள ஒரு முழுத்தாளும், அணிக்கு ஓர் உதவிச் சீட்டும் இருக்கட்டும். யாராவது உறையோடு அவசரமாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

ஜூன் 14
கேட்ட சகோதரியின் கடைசிக் கேள்வி, போதகரை நடுவராக வைக்கலாமா என்பது. வேண்டாம், அவர் தீர்ப்பு சொன்னால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. உறைக்காரராகவும் வேண்டாம், அவரைத்தான் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவார்கள். ஓர் அணியில் நாலாவது ஆளாகப் போடுங்கள், முடிந்தால் அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு. நடுவர் வேலையை அந்த மூப்பரிடம் கொடுங்கள். மண்டபம் முழுக்க நடக்க வேண்டிய வேலை அது, நாற்காலியில் உட்கார அவருக்கு நேரமே இருக்காது.